பொறுப்பு நம்முடையது, அதிகாரம் யாருடையது?

தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்காக அரசு ஒரு திட்டம் வைத்திருக்கிறது. ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ என்பது அதன் பெயர். ஒவ்வொரு குடியிருப்பிலும் நலச் சங்கம் அமைக்க வேண்டும். மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் வசூலிக்க வேண்டும். வசூலாகும் தொகைக்கு ஈடான தொகையை அரசும் தரும். அந்தப் பணத்தைக் கொண்டு மாடிப்படி விளக்கு, மோட்டார், துப்புரவு, சிறு பழுதுகள் எல்லாவற்றையும் மக்களே பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்பதற்கு நல்ல ஏற்பாடாகத்தான் தெரிகிறது. அந்தப் பெயரில் இரண்டு முறை வரும் ‘நம்’ என்ற சொல்தான் இடிக்கிறது.

அந்த ‘நம்’மில் யார் இருக்கிறார்கள்? சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இடம் பார்த்தவர் இல்லை. எட்டு மாடி போதும் என்று வரைபடம் போட்டவர் இல்லை. சிமெண்டு கலந்த ஒப்பந்ததாரர் இல்லை. லிஃப்ட் நின்று போனால் ஏழாவது மாடிக்குத் தண்ணீர்க் குடம் தூக்கிப் போகும் பெண்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். முடிவுகள் எல்லாம் எடுத்து முடித்த பிறகு, அவற்றின் விளைவுகளைச் சுமக்க அழைக்கப்படும்போதுதான் இந்த மக்கள் ‘நாம்’ ஆகிறார்கள். சாதிச் சமூகத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. ஊர்த் திருவிழாவில் வேலைக்கு மட்டும் சேரி வேண்டும், முடிவெடுக்கும் கூட்டத்துக்கு வேண்டாம்.

ஐம்பதாயிரம் வீடுகள்

சென்னையின் தெற்கு விளிம்பில் அரசு கட்டிய மூன்று பெரும் குடியேற்றங்கள் இருக்கின்றன. 2000-ஆம் ஆண்டில் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் தொடங்கிய கண்ணகி நகர், அதை ஒட்டிய எழில் நகரையும் சேர்த்தால், 23,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொண்டது. 2004 சுனாமிக்குப் பின் நிரம்பிய செம்மஞ்சேரியில் 6,700-க்கும் மேல். எட்டு மாடிக் கட்டடங்கள் வரிசை வரிசையாக நிற்கும் பெரும்பாக்கத்தில் 20,000-க்கும் மேல். மூன்றையும் கூட்டினால் ஏறத்தாழ 50,000 வீடுகள். ஒரு வீட்டுக்கு நான்கு பேர் என்றால் இரண்டு லட்சம் மனிதர்கள். ஒரு மாநகராட்சிக்கு உரிய மக்கள்தொகை இது.

இங்கே கொண்டுவரப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். அவர்களுடன் மீனவர்கள், பிற்படுத்தப்பட்ட சாதிகளின் உழைப்பாளிகள், இஸ்லாமியர்கள். கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் கடற்கரையிலும் பல தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள். நகரத்தின் குப்பையை அள்ளுபவர்கள், வீட்டு வேலை செய்பவர்கள், மீன் விற்பவர்கள், பெயிண்ட் அடிப்பவர்கள், சுமை தூக்குபவர்கள். நகரத்துக்கு இவர்களுடைய உழைப்பு மையத்தில் தேவைப்படுகிறது. இவர்களுடைய வீடு மட்டும் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் போதும் என்கிறது.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1970-இல் கலைஞர் ஆட்சியில் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தருவது அதன் முதன்மையான வேலையாக இருந்தது. கடற்கரைக்குப் பக்கத்திலும் நகரத்தின் நடுவிலும் இன்றும் நிற்கும் பழைய வாரியக் குடியிருப்புகள் அதற்குச் சாட்சி. 1971-இல் குடிசைப் பகுதிகள் (மேம்பாடு மற்றும் அகற்றுதல்) சட்டம் வந்தது. அதே ஆண்டு சென்னையில் 1,202 பகுதிகள் அந்தச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்டன. 1985-இல் மேலும் 17 பகுதிகள். அதன் பிறகு சென்னையில் அறிவிப்பு அப்படியே நின்றுவிட்டது. அறிவிக்கப்பட்ட பகுதிக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அறிவிக்கப்படாத பகுதியோ ‘ஆக்கிரமிப்பு’. மக்கள் அதே மக்கள்தான். அரசு அவர்களை அழைக்கும் பெயர் மாறியது. பெயர் மாறியதும் புல்டோசருக்கு வழி கிடைத்தது.

1990-களுக்குப் பிறகு, குறிப்பாகத் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் வரத் தொடங்கிய பின், நகரத்தின் நிலம் தங்கம் ஆனது. இருந்த இடத்திலேயே வீடு என்ற கொள்கை பின்வாங்கி, தூரத்தில் மொத்தமாக வீடு என்ற பழக்கம் வந்தது. 2021-இல் வாரியத்தின் பெயரிலிருந்து ‘குடிசை’ என்ற சொல் நீக்கப்பட்டது. பெயர் மாற்றம் வரவேற்கத்தக்கதுதான். ஆனால் 2025 மே மாதம் தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட அனகாபுத்தூரில், அடையாற்றின் கரையிலிருந்த நூற்றுக்கணக்கான வீடுகள் இடிக்கப்பட்டபோது, அந்தக் குடும்பங்களுக்குக் காட்டப்பட்ட இடங்களில் மீண்டும் பெரும்பாக்கம் இருந்தது. பெயர் மாறியிருக்கிறது, பாதை மாறவில்லை.

வெள்ளத்தைக் காரணம் காட்டி ஆற்றங்கரையிலிருந்து அகற்றுகிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்தக் காரணத்தைச் சொல்லித்தான் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. அனுப்பப்பட்ட இடமோ பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் நீர்வழியில் இருக்கிறது. 2022-இல் அந்தச் சதுப்பு நிலம் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெரும்பாக்கத்தின் தெருக்களில் தண்ணீர் நின்றது. ஒரு வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி இன்னொரு வெள்ளத்தில் குடிவைத்திருக்கிறார்கள்.

புகாரை எங்கே கொடுப்பது?

பெரும்பாக்கத்தில் ஒரு குடும்பத்தின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். அவர்கள் இருக்கும் கட்டடம் வாழ்விட மேம்பாட்டு வாரியத்துடையது. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது, அருகிலிருந்த பெரும்பாக்கம் அதில் சேர்க்கப்படவில்லை. புனித தோமையார்மலை ஒன்றியத்தின் ஒரு கிராம ஊராட்சியாகவே விடப்பட்டது. எட்டு மாடிக் கட்டடங்களும் லிஃப்டுகளும் நிறைந்த ஓர் இடம் நிர்வாகப் பதிவேட்டில் கிராமம். ஆனால் 2022 ஜனவரியில் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் தொடங்கியபோது, பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் கண்ணகி நகரும் அதன் எல்லைக்குள் வந்தன. போலீசுக்கு மாநகரம், குப்பைக்குக் கிராமம். எந்த வசதி முதலில் வந்து சேர்ந்தது என்பதைக் கவனியுங்கள்.

கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. அங்கே சிக்கல் வேறு விதம். கட்டடம் வாரியத்துடையது, தெரு மாநகராட்சியுடையது, குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்துடையது. மாடியிலிருந்து இறங்கும் கழிவுநீர்க் குழாய் உடைந்தால் அது கட்டடத்தின் பழுதா, தெருவின் பழுதா என்று அலுவலகங்கள் ஒன்றையொன்று காட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் கீழ்த்தள வீட்டின் வாசலில் சாக்கடை தேங்கிவிடும். நடுத்தர வர்க்கத்தின் அடுக்குமாடியில் இப்படி நடந்தால் செயலாளருக்கு ஒரு போன் போதும். அவர்கள் கட்டிய பணத்துக்குக் கணக்குக் கேட்க முடியும். சங்கத்தை மாற்ற முடியும். முடியாவிட்டால் வீட்டை விற்றுவிட்டு வேறு இடம் போக முடியும். வாரியக் குடியிருப்பில் முதலில் கிடைப்பது ஒதுக்கீட்டு ஆணை. கிரயப் பத்திரம் தவணையெல்லாம் கட்டி முடித்த பிறகுதான். உரிமையாளரும் இல்லை, வாடகைதாரரும் இல்லை என்ற இந்த இடைநிலையில் இருப்பவரிடம்தான் ‘இது உங்கள் கட்டடம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லப்படுகிறது.

ஈடு தொகைத் திட்டத்தின் உள்ளே இருக்கும் அநீதியையும் பார்க்க வேண்டும். மக்கள் கட்டும் அளவுக்கு அரசு தரும் என்றால், அதிகம் கட்ட முடிந்த குடியிருப்புக்கு அதிகம் கிடைக்கும். வேலை இழந்து, கட்ட முடியாமல் நிற்கும் பிளாக்குக்குக் குறைவாகக் கிடைக்கும். எங்கே தேவை அதிகமோ அங்கே பணம் குறைகிறது. நகரத்தின் மையத்திலிருந்து வெளியேற்றியதால்தான் பலர் வேலையை இழந்தார்கள். வெளியேற்றியவர்களே இப்போது பாக்கிக்கணக்கு எழுதுகிறார்கள்.

மாடியும் லிஃப்டும் யாருடைய தேர்வு என்றும் கேட்க வேண்டும். குறைந்த நிலத்தில் அதிக வீடு வேண்டும் என்பதற்காக எட்டு மாடி கட்டியது அரசு. எட்டு மாடி என்றால் லிஃப்ட் வேண்டும். லிஃப்ட் என்றால் மின்சாரம், பராமரிப்பு ஒப்பந்தம், உதிரிப் பாகம், ஜெனரேட்டர். நிலத்தில் மிச்சம் பிடித்த செலவைக் காலம் முழுவதும் மாதக் கட்டணமாகக் குடியிருப்பவர் கட்ட வேண்டும். வயதானவர்கள், கர்ப்பிணிகள், மாற்றுத் திறனாளிகள் இதற்குத் தரும் விலையைப் பணத்தில் எழுத முடியாது.

‘அவர்களுக்கு வாழத் தெரியாது’

இந்தக் குடியிருப்புகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும். ‘எவ்வளவு நல்ல வீடு கட்டிக் கொடுத்தாலும் அவங்களுக்கு வெச்சுக்கத் தெரியாது.’ படித்தவர்கள், நல்லவர்கள், சில நேரம் முற்போக்காளர்களும் சொல்லும் வாக்கியம் இது. அழுக்கை ஒரு மக்கள் கூட்டத்தின் பிறவிக் குணமாகப் பார்ப்பதுதான் தீண்டாமையின் அடிப்படை. அந்தப் பழைய எண்ணம்தான் இங்கே கட்டடப் பராமரிப்பைப் பற்றிய கருத்தாக உடை மாற்றிக்கொண்டு வருகிறது.

உண்மை வேறு இடத்தில் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில், புதிதாகக் கட்டிய கட்டடத்தின் பூச்சு கை வைத்தாலே உதிர்ந்தது. மாநிலமே அதைத் தொலைக்காட்சியில் பார்த்தது. ஐ.ஐ.டி. நிபுணர்கள் ஆய்வு செய்தார்கள், பொறியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அங்கே குடியிருந்தவர்களின் பழக்கவழக்கமா அந்தச் சுவரை உதிர்த்தது? அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட வாரியக் கட்டடம் இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்து மக்கள் முன்னதாகவே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. கட்டடம் பேசுவதை முதலில் கேட்டவர்கள் அதில் வாழ்ந்தவர்கள்தான். பராமரிப்பு தெரியாதவர்கள் என்று நாம் யாரைச் சொல்கிறோமோ, அவர்களில் ஆயிரக்கணக்கானோர் தினமும் காலையில் பழைய மாமல்லபுரம் சாலையின் அலுவலகங்களையும் பெரிய அடுக்குமாடிகளையும் பளபளப்பாக வைத்திருக்கப் புறப்படுகிறார்கள். அங்கே தெரிந்த வேலை இங்கே எப்படித் தெரியாமல் போகும்? அங்கே சம்பளமும் பொருளும் தண்ணீரும் இருக்கின்றன. இங்கே அவை இல்லை.

முகவரியும் ஒரு சாதிச் சான்றிதழ் ஆகிவிட்டது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ‘துரைப்பாக்கம்’ என்றும் ‘சோழிங்கநல்லூர்’ என்றும் பொதுவாக எழுதும் இளைஞர்களை நம்மில் பலருக்குத் தெரியும். 2020-இல் கண்ணகி நகரின் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரையப்பட்டன. அழகாகவே இருந்தன. ஆனால் சுவருக்கு வண்ணம் வந்தது போல் குழாய்க்குத் தண்ணீர் வரவில்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கபடி அணி தங்கம் வென்றபோது, கண்ணகி நகர் கார்த்திகாவின் பெயரோடு அந்த ஊரின் பெயரும் மாநிலம் முழுவதும் ஒலித்தது. ஊரின் பெயரை மறைக்காமல் முன்னால் வைத்துக்கொண்டு ஒரு பெண் நிற்கும்போது, வெட்கப்பட வேண்டியது அந்த ஊர் அல்ல என்பது எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் ஒரு ஊர் தன் மரியாதையை மீட்க ஒவ்வொரு முறையும் தங்கப் பதக்கம் வெல்ல வேண்டியிருப்பது என்ன நியாயம்?

அம்பேத்கரே தனிக் குடியேற்றம் கேட்டாரே?

இந்தக் கேள்வியை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். 1942 ஜூலையில் நாகபுரியில் நடந்த அகில இந்திய ஒடுக்கப்பட்ட வகுப்பினர் மாநாடு, தலித்துகளுக்குத் தனிக் கிராமங்கள் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1947-இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற தம் அறிக்கையிலும் பாபாசாகேப் அந்தக் கோரிக்கையை வைத்தார். ஆனால் அவர் கேட்டது நிலத்தோடு கூடிய குடியேற்றம். சாதி இந்துக்களின் கிராமத்தை நம்பிப் பிழைக்கும் நிலையை உடைப்பதற்கான குடியேற்றம். தாங்களே தங்களை ஆளும் அதிகாரம் அதன் உயிர். பெரும்பாக்கத்தில் நிலம் இல்லை, பிழைப்பு இல்லை, அதிகாரம் இல்லை. பிழைப்புக்கு விடியற்காலையில் பேருந்து பிடித்து, வெளியேற்றிய நகரத்துக்கே திரும்பிப் போக வேண்டும். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது இவர்களுக்கு உண்மையான உதவி. ஆனால் தினமும் சாலையில் கரையும் மூன்று மணி நேரத்தைத் திருப்பித் தர எந்தப் பயணச்சீட்டாலும் முடியாது. இதை அம்பேத்கரின் கணக்கில் எழுதக் கூடாது. இது பழைய சேரி, புதிய சிமெண்டு.

வேறு இடங்களில் என்ன செய்கிறார்கள்?

நம் உறவினர்கள் பலர் வாழும் சிங்கப்பூரில் ஏறத்தாழ பத்துக்கு எட்டுப் பேர் அரசு கட்டிய வீடுகளில்தான் இருக்கிறார்கள். கட்டுவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். பராமரிப்பதற்கு என்று 1988-இல் தனிச் சட்டம் கொண்டுவந்து நகர மன்றங்களை அமைத்தார்கள். அவற்றை நடத்துபவர்கள் அந்தப் பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள். லிஃப்ட், தாழ்வாரம், பொது விளக்கு, துப்புரவு எல்லாம் அவர்களுடைய வேலை. லிஃப்ட் எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்பதற்கு ஒவ்வொரு நகர மன்றத்துக்கும் அரசு மதிப்பீடு வெளியிடுகிறது. லிஃப்ட் நின்றால் வாக்கு கேட்டு வருபவர் பதில் சொல்ல வேண்டும். ஒரே இனத்தவர் ஒரே இடத்தில் குவியக் கூடாது என்று 1989-இல் அங்கே ஒதுக்கீட்டு முறையும் வந்தது. அதனால் தமிழர் உள்ளிட்ட சிறுபான்மையினர் வீட்டை விற்கும்போது சிரமப்படுகிறார்கள் என்ற விமர்சனம் உண்டு. சிங்கப்பூரை அப்படியே இங்கே நகல் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அரசு குவியலை ஓர் ஆபத்தாகப் பார்த்தது, நம் அரசு குவியலையே திட்டமாக வைத்திருக்கிறது.

இன்னொரு பக்கம் லண்டன். 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் டவர் என்ற உள்ளாட்சிக் குடியிருப்பு எரிந்து 72 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் உழைக்கும் மக்கள், குடியேறிகள். கட்டடம் ஆபத்தானது என்று குடியிருப்பவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். புகார் சொன்னவர்களை நிர்வாகம் தொல்லை கொடுப்பவர்களாகவே பார்த்தது என்பதை 2024-இல் வெளியான விசாரணை அறிக்கை பதிவு செய்தது. ஏழைகளின் புகாரைக் கேட்காத காது எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது. திருவொற்றியூரில் மக்கள் தப்பினார்கள். ஒவ்வொரு முறையும் அப்படி நடக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

நாம் கேட்க வேண்டியவை

நகரத்தில் இடம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். ஆற்றங்கரையில் வாழ்வது ஆபத்து என்பது பல இடங்களில் உண்மைதான். ஆனால் அதே கரைகளில் பெரிய கட்டடங்கள் அனுமதியோடு நிற்கின்றன. நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம், வாழ்வுரிமைக்குள் வாழ்வாதார உரிமையும் அடங்கும் என்று சொன்னது. வேலைக்குப் போய்வரக்கூடிய தூரத்தில் வீடு என்பது அந்தத் தீர்ப்பின் இயல்பான பொருள். 2021-இல் அரசு மறுகுடியமர்வுக்கான வரைவுக் கொள்கையை வெளியிட்டது. கொள்கைக்குச் சட்டத்தின் வலு கிடையாது. அதனால் சட்டம் வேண்டும்.

முதலாவது, இனி ஒரு குடும்பத்தைக்கூட இந்த மூன்று இடங்களுக்கும் அனுப்பக் கூடாது. இருக்கும் இடத்தில் வீடு, முடியாவிட்டால் அருகில் வீடு என்பது சட்டமாக வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு குடியேற்றத்துக்கும் பொறுப்பான ஒரே நிர்வாக அலுவலகம் அங்கேயே இருக்க வேண்டும். கட்டடம், தண்ணீர், கழிவுநீர், குப்பை எல்லாப் புகாருக்கும் ஒரே வாசல். அதன் குழுவில் பாதிக்கு மேல் குடியிருப்பவர்கள், அதிலும் பெண்கள்.

மூன்றாவது, லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, கட்டட உறுதி ஆகியவை கட்டியவரின் பொறுப்பு. அவற்றை மாதக் கட்டணத்தில் சேர்க்கக் கூடாது. ஈடு தொகை வசூலைப் பார்த்து அல்ல, தேவையைப் பார்த்து வர வேண்டும்.

நான்காவது, ஒவ்வொரு பிளாக்கின் பராமரிப்புக் கணக்கும், லிஃப்ட் எத்தனை நாள் நின்றது என்ற விவரமும் கீழ்த்தளச் சுவரில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். சுவரோவியத்துக்கு இடம் இருந்தது, இதற்கும் இருக்கும்.

ஐந்தாவது, தவணை முடித்தவர்களுக்குத் தாமதமின்றிக் கிரயப் பத்திரம், பெண்ணின் பெயரில்.

இவை வந்த பிறகு ‘நம் பொறுப்பு’ என்று சொல்லட்டும், மகிழ்ச்சியோடு ஏற்கலாம். சங்கம் அமைப்பதற்கு நாம் எதிரிகள் அல்ல. சங்கம் என்பது ஒடுக்கப்பட்டோர் தங்கள் கையால் செய்த ஆயுதம். அதை வசூல் நோட்டுப் புத்தகமாக மட்டும் சுருக்குவதைத்தான் எதிர்க்கிறோம்.

2022 நவம்பர் 1 அன்று முதலமைச்சரே தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் பகுதி சபா கூட்டத்தில் உட்கார்ந்து மக்களிடம் குறை கேட்டார். பம்மலுக்கு உள்ள அந்த உரிமை கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் உண்டு. பெரும்பாக்கத்துக்குக் கிராம சபை இருக்கிறது. அந்தக் கூட்டங்களில் லிஃப்டும் கழிவுநீரும் தீர்மானமாக எழுதப்படட்டும். இந்தப் பகுதிகள் அடங்கிய சோழிங்கநல்லூர், 2021 தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிக வாக்காளர்களைக் கொண்ட தொகுதி. இரண்டு லட்சம் பேரின் குரல் ஒன்றானால் எந்தக் கட்சியும் காது கொடுக்காமல் தப்ப முடியாது.

இதை வாசிக்கும் இளைஞர்களில் பலர் மேடவாக்கத்திலும் சேலையூரிலும் நாவலூரிலும் அடுக்குமாடிகளில் வாடகைக்கு இருப்பீர்கள். உங்கள் வீட்டு லிஃப்ட் நின்றால் ஒரு மணி நேரத்தில் ஆள் வருகிறார். வாசலைப் பெருக்க வரும் அக்காவின் வீட்டில் எத்தனை நாளாக நிற்கிறது என்று கேளுங்கள். கேட்டதோடு நிற்காமல், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுத அவருடைய பிளாக்கில் உட்காருங்கள். அடுத்த கிராம சபையில் அவர்கள் பேசும்போது பின்வரிசையில் நில்லுங்கள். பேச வேண்டியது அவர்கள். கூட்டத்தில் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.